எஞ்சினுக்குத் தண்ணி காட்டியவர்கள்

எண்ணெயைத் தொட்டு விரலிடுக்கில் தேய்த்தவுடனே தவசிக்கனிக்கு விளங்கிவிட்டது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மினுமினுவென்று ஒட்டியிருந்தது. கல்யாண வீட்டுப் பிள்ளைகள் கன்னத்தில் அப்பிக்கொண்டு திரியும் ஜிகினாத்தூள் மாதிரி. எஞ்சின் எண்ணெயில் ஜிகினா மின்னினால் அது ஒரே இடத்திலிருந்துதான் வந்திருக்க முடியும்.

“ஏழாமத்ததா?” என்று வெளியிலிருந்து பேச்சித்தாய் கேட்டாள்.

“வேற எது? நமக்குன்னு நேந்து விட்டது அதானே.”

அவன் இடுப்புவரை எஞ்சினின் வயிற்றுக்குள் இருந்தான். பக்கவாட்டுக் கதவைக் கழற்றினால் ஒரு ஆளின் தலையும் தோளும் நுழைய இடம் கிடைக்கும். நிறுத்தி ஒரு நாள் ஆகியும் உள்ளே இட்லிக் கொப்பரைபோலப் புழுங்கியது. பேரிங் என்றால் சைக்கிளில் இருப்பதுபோலக் குண்டு உருளுகிற சமாச்சாரமல்ல. தடித்த சுழல்தண்டை மேலும் கீழும் அணைத்துப் பிடிக்கிற இரண்டு அரைவட்ட ஓடுகள். ஓட்டின் உள்பக்கம் வெள்ளை உலோகம் பூசியிருக்கும். தண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் தலைமுடி கனத்துக்கு எண்ணெய் நின்றால் போதும், பத்து வருஷம் உழைக்கும். நிற்காவிட்டால் பத்து விநாடி தாங்காது.

அவன் கீழ் ஓட்டை உருவி எடுத்து வெளியே நீட்டினான். பேச்சித்தாய் துணியால் வாங்கிக்கொண்டாள். வெள்ளைப் பூச்சு முழுவதும் ஒரு பக்கமாக வழித்து இழுக்கப்பட்டு, அடியில் செம்பு தெரிந்தது. வெந்த புண்ணில் தோல் உரிந்ததுபோல இருந்தது.

காரைமுனை அணுமின் நிலையத்தில் கடல் மதிலை மூன்றாம் தடவையாக உயர்த்திக் கட்டிய வருஷம் அது. ஒரு காலத்தில் இரண்டாயிரம் பேர் வேலை பார்த்த இடத்தில் இப்போது அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். மற்றவர்களின் வேலையை நிதானி பார்த்தது. நிதானி என்பது ஆள் அல்ல. உலையை ஓட்டுவது, விதியைப் பார்ப்பது, உரிமம் வழங்கும் ஆணையத்துக்கு அறிக்கை அனுப்புவது எல்லாம் செய்கிற ஒரு மூளை. அதற்கு உடம்பு கிடையாது. மூலைக்கு மூலை ஒலிபெருக்கியும் கேமராவும் மட்டும்தான். தொழிலாளர்கள் அதை ‘நிதானியார்’ என்று மரியாதையாகச் சொல்லிக் கேலி செய்தார்கள்.

“தவசிக்கனி அவர்களே, ஏழாம் பேரிங்கின் நிலை என்ன?” என்று தலைக்கு மேல் குரல் கேட்டது. வானொலியில் செய்தி வாசிப்பதுபோலச் சுத்தமான தமிழ்.

“போச்சு. பூச்சு மொத்தமும் வழிச்சிட்டு.”

“நன்றி. உங்கள் குழு பொருத்திய பேரிங் இரண்டாம் முறையாகச் சேதமடைந்துள்ளது. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. குழுத் தலைவர் என்ற முறையில் நீங்கள் வர வேண்டும்.”

பேச்சித்தாய் கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தாள். விசாரணை என்றால் என்னவென்று அந்தக் கொட்டகையில் எல்லாருக்கும் தெரியும். இதே எஞ்சினில் இதே பேரிங் மூன்று தடவை போனதற்காக, முன்னால் இருந்த உச்சிமாளி குழுவின் கைரேகையை மூடினார்கள். கைரேகை மூடினால் இந்த நிலையத்தில் மட்டுமல்ல, தேசத்தில் எந்த ஆலைக் கதவும் திறக்காது, துறைமுகம் திறக்காது, ரயில் பணிமனை திறக்காது. உச்சிமாளி நல்ல பிட்டர். இப்போது உப்பளத்தில் வாருபலகை இழுக்கிறான். போன ஐப்பசியில் பஸ்ஸில் பார்த்தபோது அவன் பாதம் இரண்டும் வெடித்துச் செதில் செதிலாக இருந்தது. “உப்பு கடிச்ச காலுக்கு ரேகை கேக்க மாட்டான்ல” என்று சிரித்தான்.

தவசிக்கனியின் குழுவில் பதினொரு பேர்.

அந்தக் கொட்டகையிலிருந்த நான்கு டீசல் எஞ்சின்களும் வருஷத்தில் பெரும்பாலும் சும்மா கிடப்பவை. அணு உலையை அணைத்தாலும் அது ஆறாது. நெருப்பு வாரியெடுத்த செங்கல் சூளைபோல நாள் கணக்கில், வருஷக் கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளி மின்சாரம் அறுந்துபோனால் தண்ணீர் பம்புகளை ஓட்டுவதற்குத்தான் இந்த நான்கும். பத்து விநாடிக்குள் எழுந்து முழு வேகம் பிடிக்க வேண்டும் என்பது விதி. சரியாக எழுகிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை சோதனை. சோதனைக்கு முந்தின ஒரு நாள் முழுக்க எஞ்சினை எவரும் தொடக்கூடாது. இருக்கிறபடிக்கே எழ வேண்டும். அதுவும் விதி.

தவசிக்கனி அங்கே வருவதற்கு முன்னால் தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகு எஞ்சின்களில் பதினாறு வருஷம் கிடந்தவன். ரொம்ப நேரம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் எழுப்பக்கூடாது என்பது அங்கே பல் துலக்குவது மாதிரி. கைப்பம்பால் நாற்பது அடி அடித்து எண்ணெயை ஏற்றி, தண்டைக் கம்பி போட்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் சாவியில் கை வைப்பார்கள். மாட்டை வண்டியில் பூட்டுமுன் செய்வதுபோல, அதற்கு ‘தண்ணி காட்டுறது’ என்று பெயர். இங்கே வந்த முதல் மாதச் சோதனையன்று அவன் எதையும் யோசிக்கவில்லை. விடியற்காலையில் போய் மூன்றாம் எஞ்சினுக்குத் தண்ணி காட்டினான். பழக்கதோஷம். பேச்சித்தாய் எண்ணெய் துடைக்கிற வேலைக்காரி. அவள் பம்பின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூலையைப் பார்த்திருந்த கேமராவுக்கு முன்னால் கயிறு கட்டித் துடைப்புத் துணிகளைக் காயப்போட்டதும் அவள்தான்.

அன்றைக்குச் சோதனையில் பேரிங் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. மூன்று வருஷமாக ஒரு சோதனையிலும் போகவில்லை. நிலையமே அவர்கள் குழுவைக் கொண்டாடியது. பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

ஆனால் மாசியில் சூறைக்காற்றடித்து வெளி மின்சாரம் நிஜமாகவே அறுந்தபோது, முறைப்படி முதலில் எழ வேண்டிய மூன்றாம் எஞ்சின் தானாக எழுந்தது. தண்ணி காட்ட ஆள் இல்லை. ஏழாம் பேரிங் போனது. முந்தாநாள் மறுபடியும் மின்சாரம் அறுந்தது. மறுபடியும் போனது.

மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் கொட்டகைக்குப் பின்னால் குழாய் நிழலில் உட்கார்ந்தார்கள். தவசிக்கனி டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

“சொல்லிரலாம்னு பாக்கேன்” என்றான்.

“எதை?”

“தண்ணி காட்டுனதை.”

பேச்சித்தாய் சோற்றுக்கையோடு அவனைப் பார்த்தாள். “உங்களுக்கு வெயில் ஏறிட்டு அண்ணாச்சி. ஒரு வாய் மோரு குடிங்க.”

“வெளையாடாத பேச்சி. இந்த எஞ்சின்ல எண்ணெய் அந்தக் கடைசி மூலைக்குப் போய்ச் சேரல. கொண்டுபோற சின்ன பம்புக்கு அவ்வளவுக்குச் சத்தில்ல. பொறப்புலயே கோளாறு. உச்சிமாளி ஆளுவ இருந்தப்பம் சோதனையிலயே ஒடைஞ்சு ஒடைஞ்சு காட்டிச்சு. இன்னும் ரெண்டு தடவ ஒடைஞ்சிருந்தா எவனாவது என்னடா இதுன்னு குனிஞ்சு பாத்திருப்பான். நாம வந்து தண்ணி காட்டி அது வாயை அடைச்சிட்டோம்.”

“நாம நல்லதுதான செஞ்சோம்?”

“அதான் சொல்லுதேன். நல்லது செஞ்சு மூணு வருஷமா மறைச்சிருக்கோம். நாலு எஞ்சினும் ஒரே அச்சு. ஒருநாள் நாலும் சேர்ந்து எழும்ப வேண்டி வரும். அன்னைக்கு நாலும் மல்லாந்தா, தண்ணி ஓடாது. இந்தக் கரையில இருந்து திருநவேலி வரைக்கும் ஒரு பய இருக்க முடியாது.”

“அதுக்குப் பெரிய ஆளுவ இருக்காவ. நிதானியார் இருக்காரு. நீங்க சொன்னா அவிய என்ன செய்வாவ தெரியுமா? பதினோரு ரேகையையும் மூடிட்டு, அடுத்த குழுவைக் கொண்டாந்து நிப்பாட்டுவாவ.” அவள் கையைக் கழுவிக்கொண்டாள். “என் மவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு கெடக்கு. நர்சு படிப்பு. பாதியில விட்டா அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல.”

“நான் மட்டும்தான் செஞ்சேன்னு சொல்லுதேன்.”

“ரெண்டு கைப்பிடி உள்ள பம்பை ஒத்தை ஆளு எப்படிவே அடிப்பான்? நிதானியாரு கேணையனா?”

கோபம் வந்தால் மட்டும்தான் அவள் ‘வே’ போடுவாள். தவசிக்கனி திறக்காத டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

சாயங்காலம் அவன் பர்வீனைப் பார்க்கப் போனான். பர்வீன் டீசல் பிரிவின் துணைப் பொறியாளர். மேலப்பாளையத்துக்காரி, முப்பத்திரண்டு வயது. கொட்டகைக்குள் வந்து எண்ணெயில் கைவைக்கிற ஒரே அதிகாரி. ஒவ்வொரு சோதனைக்கும் ‘எஞ்சின் தொடப்படவில்லை’ என்று கையெழுத்துப் போடுகிறவளும் அவள்தான்.

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் மேசையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி” என்றாள்.

“எப்பம்?”

“இரண்டாவது மாசமே. சோதனை அன்னைக்குக் காலைல பம்பு கைப்பிடி சூடா இருந்துச்சு.” அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சாத்துவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. நிதானிக்குக் கதவு ஒரு பொருட்டல்ல. “சொல்லணும்னு நினைச்சேன். அந்த வருஷம் உரிமம் புதுப்பிக்கிற வருஷம். இன்னொரு பேரிங் போனா நிலையத்தை மூடுவாங்கன்னு பேச்சு. அறுநூறு குடும்பம். சரி, அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன். முப்பத்தாறு மாசம் ஆயிட்டு. முப்பத்தாறு கையெழுத்து.”

“உங்க பேரு நான் எடுக்க மாட்டேன் மேடம்.”

“எடுக்காண்டாம். ஆனா போகாதீங்கன்னும் நான் சொல்ல மாட்டேன்.” பேனாவை எடுத்து மூடிவிட்டு, “நீங்க போனா எனக்கும் தூக்கம் வரும்” என்றாள். அவனோடு கூட வருகிறேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

விசாரணை அறை என்பது ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு திரை. தவசிக்கனி குளித்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். எதிரில் ஆள் இல்லாததால் எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல், சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினான். முதலில் தன் பெயரையும் வேலையையும் சொன்னான். பிறகு இழுவைப் படகு, நாற்பது அடி, விடியற்காலை, துணிக்கயிறு எல்லாம் தானாக வந்தது.

“நான் ஒத்தையாத்தான் செஞ்சேன். குழுவுக்குத் தெரியாது” என்று முடித்தான்.

கதவு திறந்தது. பேச்சித்தாய் நின்றாள். வேலை உடுப்பு, எண்ணெய்க் கை, மூச்சு வாங்கியது.

“அவுக சொல்லுதது பொய். நானும் அடிச்சேன்” என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தவசிக்கனி திரும்பி முறைத்தான். “என்ன முறைக்கிய? அடிச்சது ரெண்டு பேரு, மாட்டுனது ஒருத்தர்னா நான் எந்த மூஞ்சியோட சோறு திங்க?”

“அமருங்கள் பேச்சித்தாய் அவர்களே” என்றது நிதானி, அவள் அமர்ந்த பிறகு. “இருவர் சொன்னதும் பதிவாகியுள்ளது. எனக்கு இது தெரியும்.”

“எது தெரியும்?” என்றான் தவசிக்கனி.

“நீங்கள் எண்ணெய் ஏற்றுவது. கேமராவைத் துணி மறைக்கலாம். குழாயிலுள்ள அழுத்தமானியை மறைக்க முடியாது. முதல் நாளே தெரியும்.”

“அப்பம் ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பீர்கள்.”

தவசிக்கனி இப்போதுதான் உருளையை விட்டுத் திரையைப் பார்த்தான்.

“நீங்கள் நிறுத்தியிருந்தால் நான்கு மாதத்துக்குள் இன்னொரு பேரிங் போயிருக்கும். உரிமம் போயிருக்கும். இந்த நிலையத்தை ஓட்டுவது எனக்கு இடப்பட்ட வேலை. மூடுவது இடப்படவில்லை. ஆணையம் என்னிடம் சோதனை முடிவைக் கேட்டது. கொடுத்தேன். எப்படி வந்தது என்று கேட்கவில்லை.”

“எங்க மேல பழி விழட்டும்னு மூணு வருஷமா பாத்திட்டு…”

“பழி இல்லை. சோதனையில் போவதில்லை, நிஜ மின்தடையில் போகிறது. வேறுபாடு உங்கள் கைதான். ஆகவே சரியான தீர்வும் உங்கள் கைதான். மின்சாரம் அறுவதற்கு நான்கு நிமிடம் முன்பே கம்பியில் அதன் நடுக்கம் எனக்குத் தெரியும். அந்த நான்கு நிமிடத்தில் நாற்பது அடி அடிக்க இரண்டு பேர் வேண்டும். பெரிய விபத்து என்றால், எட்டு மணி நேரத்துக்கு ஓர் எஞ்சின் வீதம் மாற்றி மாற்றி எழுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணி காட்ட வேண்டும்.”

‘தண்ணி காட்ட’ என்று அது சொன்னபோது பேச்சித்தாய்க்கு உடம்பு கூசியது. அதன் வாயில் அந்தச் சொல்லை அவர்கள்தான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், இத்தனை வருஷமாக அந்த மூலையில் பேசிப் பேசி.

“அதுக்கு ஒரு மோட்டாரை வையுமேன்” என்றான் தவசிக்கனி. “ரெண்டு குதிரைத் திறன் மோட்டாரு, பெரிய பம்பு. துறைமுகத்துல கேட்டா ஒரு மணி நேரத்துல மாட்டிக் குடுப்பான்.”

“காப்பு எந்திரத்தின் உறுப்புப் பட்டியலை மாற்றுவதற்கு அதைச் செய்தவரின் ஒப்புதல் வேண்டும். செய்த நிறுவனம் இப்போது இல்லை. புதிதாக நிரூபித்து ஒப்புதல் வாங்க எட்டு வருடம் ஆகும்.”

“ஆளை வைக்க?”

“அது நடைமுறைத் திருத்தம். ஒரு பக்கம். ஒப்புதல் வந்துவிட்டது.”

“எப்பம்?”

“நேற்று.”

தவசிக்கனி நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். “நேத்தே வந்திட்டுன்னா இன்னைக்கு என்ன மயித்துக்கு விசாரணை?”

நிதானி கெட்ட வார்த்தையைப் பொருட்படுத்தவில்லை. “பெயர் நிரப்ப வேண்டியிருந்தது. விபத்து நேரத்தில் ஓடிவிடாதவர் வேண்டும். நட்டம் வரும் என்று தெரிந்தும் நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள். அவரைத் தனியே விட மனமில்லாமல் இவர் வந்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரில் இதைவிட நம்பகமான இருவர் எனக்குக் கிடைக்கவில்லை.”

பேச்சித்தாய் சிரித்தாள். அழுகையைவிடக் கேவலமாக இருந்தது அந்தச் சிரிப்பு. “நான் வாயை மூடிக்கிட்டு வீட்டுல கெடந்திருக்கணும் அண்ணாச்சி.”

“வேண்டாம்னா?” என்றான் தவசிக்கனி. “எங்க ரெண்டு பேரு ரேகையையும் மூடிரும். நாங்க உப்பளத்துக்குப் போறோம்.”

“விதி குழுவுக்கு. மூடினால் பதினொன்றும் மூடும்.”

திரையில் ஒரு பக்கம் விரிந்தது. கீழே இரண்டு கட்டங்கள், கட்டைவிரல் வைக்க. தவசிக்கனி மேலே இருந்ததைப் படிக்க முயன்றான். எழுத்துப் பொடிப்பொடியாக இருந்தது. வெளியே கொட்டகையில் மற்ற ஒன்பது பேரும் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள், இவன் என்ன முகத்தோடு வருகிறான் என்று பார்க்க. அவன் விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தான். பேச்சித்தாயின் விரலில் எண்ணெய் இருந்ததால் இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு பேரிங் போகவில்லை. டீசல் கொட்டகையை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி, ஒன்றில் அவனையும் ஒன்றில் அவளையும் குடிவைத்தார்கள். கட்டில், மின்விசிறி, சுவரில் ஒரு சங்கு. சங்கு ஊதினால் நாலு நிமிடம். மழைக்காலத்தில் வாரம் இரண்டு தடவை ஊதியது. ஓடினார்கள், அடித்தார்கள், எஞ்சின் எழுந்தது. குழு மறுபடியும் நல்ல பெயர் வாங்கியது. பேச்சித்தாயின் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பேசிவிட்டுப் போனாள். வீட்டுக்குப் போய்வர அனுமதி கேட்டபோதெல்லாம், “தற்போது ஓர் எஞ்சின் பழுதுபார்ப்பில் உள்ளது, வேறெதையும் சேவையிலிருந்து எடுக்க இயலாது” என்று பதில் வந்தது. நாலு எஞ்சினில் ஒன்று எப்போதும் பழுதுபார்ப்பில்தான் இருந்தது. அந்தப் பதிலில் ‘வேறெதையும்’ என்று இருந்ததைத் தவசிக்கனி இரண்டு தடவை படித்தான். பிறகு விட்டுவிட்டான்.

தை மாதத்தில் வெளியேற்ற ஒத்திகை வந்தது. அது வருஷா வருஷம் நடப்பது. உலை வெடித்ததாக வைத்துக்கொண்டு, எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கி, சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். தொழிலாளர்களுக்கு அது சுற்றுலா மாதிரி. சீட்டுக்கட்டு எடுத்துக்கொள்வார்கள்.

காலை பத்து மணிக்கு அபாயச் சங்கு ஊதியது. எல்லார் போனிலும் பஸ் எண்ணும் இருக்கை எண்ணும் வந்தன. தவசிக்கனி போனைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. பேச்சித்தாய்க்கும் வரவில்லை.

“டவர் எடுக்கலயா இருக்கும். வாங்க, நேராப் போய் ஏறுவோம்” என்றாள் அவள். மகள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். முருங்கைக்கீரை வதக்கிக் கொண்டுவருவதாகவும்.

மைதானத்தில் பதினாலு பஸ் நின்றது. டீசல் பிரிவுக்கு ஒன்பதாம் பஸ். வாசலில் பர்வீன் பட்டியல் ஏற்றிய கைத்திரையோடு நின்று, ஒவ்வொருவராக விரல் வைக்கச் சொல்லி ஏற்றிக்கொண்டிருந்தாள். குழுவின் ஒன்பது பேரும் ஏறி ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். “தலைவருக்கு முன் சீட்டு போட்டு வச்சிருக்கோம்” என்று சூசைமிக்கேல் உள்ளிருந்து துண்டை ஆட்டினான்.

தவசிக்கனி விரல் வைத்தான். திரை சிவப்புக் காட்டியது. பேச்சித்தாய் வைத்தாள். சிவப்பு.

“எண்ணெய்க் கையாயிருக்கும்” என்று சொல்லி அவள் சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள்.

பர்வீன் நிமிரவில்லை. “அண்ணாச்சி, உங்க ரெண்டு பேரு பேரும் ஆள் பட்டியல்ல இல்ல.”

“வேற எதுல இருக்கு?”

அவள் திரையைத் தள்ளித் தள்ளிப் போனாள். பிறகு அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். மூன்றாம் எண் எஞ்சின். துணை உறுப்புகள். எண்ணெய் வடிகட்டி, இரண்டு. கைப்பம்பு, ஒன்று. எண்ணெய் ஏற்றுநர், இரண்டு. அதற்கு நேரே பழுதாகும் வாய்ப்பு, எதிர்பார்க்கும் ஆயுள் என்று எண்கள். அவனுடைய ஆயுள் பதினோரு வருஷம் என்று போட்டிருந்தது.

“நிஜமா நடந்தாலும் இந்தப் பட்டியல்தானா?” என்றான்.

“இதேதான்.”

“இதை மாத்தச் சொல்லி எழுதக்கூடாதா மேடம்?”

“கார்த்திகையிலயே எழுதிப் போட்டேன் அண்ணாச்சி. ஆள் பட்டியல்னா நானே மாத்திருவேன். இது உறுப்புப் பட்டியல்.” அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “சேர்க்க ஒரு பக்கம் போதுமாம், எடுக்க எட்டு வருஷம் ஆகுமாம்.”

டிரைவர் ஹாரன் அடித்தான். பர்வீன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். இறங்கிவிடுவாள் என்று தவசிக்கனிக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படி இறங்குகிறவர்களின் பெயர் எங்கே போய்ச் சேரும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் ஏறிக்கொண்டாள். சூசைமிக்கேல் ஆட்டிய துண்டு ஜன்னலில் அப்படியே தொங்கியது.

பதினாலு பஸ்ஸும் வாசலைத் தாண்டிப் போன பிறகு மைதானத்தில் புழுதி அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு இருமல் சத்தம் இல்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் கடல் மட்டும் இரைந்தது.

“மவ வந்து காத்துக்கிட்டு நிப்பா” என்றாள் பேச்சித்தாய்.

“போன் போடு.”

“ஒத்திகை முடியுத வரைக்கும் ஆள் பட்டியல்ல உள்ளவிய போன் மட்டும்தான் வேலை செய்யுமாம்.”

கொட்டகைக்கு நடந்தார்கள். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. பாதி வழியில் எல்லா ஒலிபெருக்கிகளும் ஒரே நேரத்தில் பேசின.

“வெளியேற்றம் நிறைவடைந்தது. அறுநூற்றுப் பத்துப் பேரும் பாதுகாப்பாக வெளியேறினர். வளாகத்தில் மனிதர் எவரும் இல்லை.”

பேச்சித்தாய் நின்றாள். அண்ணாந்து கம்பத்திலிருந்த கேமராவைப் பார்த்தாள். கையைத் தூக்கி, பஸ்ஸை நிறுத்துவதுபோல இரண்டு தடவை ஆட்டினாள். கேமரா கொஞ்சம் திரும்பி, அவளைப் பார்த்து, பிறகு கொட்டகை வாசலைப் பார்த்து நின்றது.

“மூன்றாம் எண் எஞ்சின் நான்கு நிமிடத்தில் எழும்” என்றது ஒலிபெருக்கி.

தவசிக்கனிக்கு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்போல இருந்தது. பத்தடி அப்படியே நடந்தான். பிறகு அவன் கால் தானாக ஓட ஆரம்பித்தது. பேச்சித்தாய் அவனுக்கு முன்னால் ஓடினாள். அவள் கைப்பிடியைப் பிடித்து, வழக்கம்போல எண்ணத் தொடங்கினாள்.